சீட்டில் முடிவாகும் விலை

கோபிநத்தம் என்றதும் பெரிய மீசை ஒன்றுதான் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. வீரப்பன் பிறந்த ஊர் என்பதற்கு மேல் அந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள யாருக்கும் அக்கறை இருந்ததில்லை. இந்தக் கட்டுரையில் மீசைக்காரருக்கு வேலை இல்லை. காட்டோரத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கேள்விதான் இங்கே பேச்சு: காய்ச்சல் வந்தால் எந்தப் பக்கம் போவது, போனால் எவ்வளவு ஆகும்?

காவிரி வன உயிரினச் சரணாலயப் பகுதியில் இருக்கிறது கோபிநத்தம். வீட்டில் பேச்சு தமிழ், அரசுத் தாள் கன்னடம். 1997 ஆகஸ்ட் 15 வரை மைசூரு மாவட்டம், அதன் பிறகு சாமராஜநகர் மாவட்டம். ஒரு பக்கம் மாதேஸ்வரன் மலை, இன்னொரு பக்கம் ஒகேனக்கல், பாலாற்றைத் தாண்டினால் மேட்டூர். வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் இங்கே பணியாற்றினார். 1991 நவம்பர் 10 அன்று வீரப்பன் கையால் இறந்தார், பிறகு அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது. அந்த ஊர் மக்களுக்கு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்ததோடு நடமாடும் மருந்தகம் ஒன்றையும் கொண்டுவந்தவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். கடத்தல்காரனைப் பிடிக்க வந்தவர் மாத்திரைப் பெட்டியையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், ஊருக்கு எது இல்லாமல் இருந்தது என்பது விளங்கும்.

மருந்தகம் வந்துவிட்டால் போதுமா? மருந்தின் விலை மெடிக்கல் ஷாப்பில் முடிவாகிறது என்றுதான் நினைக்கிறோம். அங்கே போய்த்தான் பேரம் பேசுகிறோம், பத்து சதவீதத் தள்ளுபடி கேட்கிறோம். உண்மையில் டாக்டர் பேனாவைத் திறந்து சீட்டில் கிறுக்கும்போதே விலை முடிவாகிவிடுகிறது. அந்தச் சீட்டை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை என்பதுதான் கோளாறு.

ஒரு காய்ச்சல், ஐந்து மருந்து

சிறிய ஊர் கிளினிக்கில் காய்ச்சலுக்கு எழுதும் சீட்டு கோபிசெட்டிபாளையத்திலும் கொள்ளேகாலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் ஒரு ஊசி. பாராசிட்டமாலும் வலி மருந்தும் கலந்த மாத்திரை ஒன்று. ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். அது வயிற்றைக் கெடுக்காமல் இருக்கக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. கடைசியாக, உடம்பு தேற ஒரு டானிக் அல்லது விட்டமின். சாதாரண வைரஸ் காய்ச்சலாக இருந்தால் இதில் தேவைப்படுவது பெரும்பாலும் பாராசிட்டமால் மட்டும்தான். மற்றவை துணைக்கு வந்தவை. ஆனால் பில்லில் பாதிக்கு மேல் அந்தத் துணைகளின் கணக்கு.

டாக்டரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நோயாளியும் இதில் கூட்டாளி. “ஊசி போட்டாத்தான் கேக்கும்” என்று கையை மடித்துவிட்டு நிற்பவரிடம், தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள் என்று சொல்லி அனுப்பினால், மறுநாள் அவர் வேறு கிளினிக் வாசலில் இருப்பார். அரை நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து வந்தவருக்கு வெறுங்கையோடு திரும்புவது ஏமாற்றமாகத்தான் இருக்கும். கைராசி டாக்டர் என்ற பெயர் பெரும்பாலும் ஒரே நாளில் காய்ச்சலை இறக்குபவருக்குத்தான் கிடைக்கிறது. அந்தப் பெயருக்கு எத்தனை ஸ்டீராய்டு ஊசிகள் செலவாயின என்று யாரும் கேட்பதில்லை.

இதை அளந்து பார்க்க வழி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1993இல் ஒரு கையேடு வெளியிட்டது. சீட்டுக்குச் சராசரியாக எத்தனை மருந்து, எத்தனை சீட்டில் ஆன்டிபயாடிக், எத்தனை சீட்டில் ஊசி, எத்தனை மருந்துகள் மூலப்பெயரில் (ஜெனரிக்) எழுதப்பட்டன, எத்தனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. எழுதுபவரை மதிப்பிட இந்த ஐந்து கேள்விகள் போதும் என்றது. ஆய்வாளர்கள் வழக்கமாக ஒப்பிடும் அளவு இது: சீட்டுக்கு இரண்டு மருந்துக்குள், ஆன்டிபயாடிக் நூற்றுக்கு 30 சீட்டுக்குள், ஊசி 20க்குள், மூலப்பெயர் நூற்றுக்கு நூறு. மேலே சொன்ன காய்ச்சல் சீட்டையே நாள் முழுக்க எழுதும் ஒரு கிளினிக் இந்தத் தேர்வில் என்ன மதிப்பெண் வாங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டமும் அந்தக் கிறுக்கலுக்குக் கட்டுப்பட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் வகை மருந்துகளில், எழுதிய பெயருக்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் கொடுக்கக் கூடாது என்கின்றன 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள். உள்ளே இருக்கும் மருந்து அதேதான் என்றாலும் கூடாது. (“அதே மருந்துதாங்க, கம்பெனி மட்டும் வேற” என்று கொடுப்பதும் நடக்கத்தான் செய்கிறது. எந்த அட்டை மாறி வரும் என்பதைக் கடையின் லாபம் தீர்மானிக்கும், உங்கள் பர்ஸ் அல்ல.) மக்கள் மருந்தகம் என்று மத்திய அரசு 2008 நவம்பரில் அமிர்தசரஸில் தொடங்கிய திட்டம் இன்று 15,000 கடைகளைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. பிராண்டு பெயர் எழுதிய சீட்டோடு அந்தக் கடைகளுக்குப் போகும் ஒரு பெரியவர், “இது எங்க கிட்ட வராதுங்க” என்ற பதிலோடு திரும்புவார். விலை குறைந்த கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது, ஆனால் அதற்கான சீட்டு கையில் இல்லை.

தேசிய மருத்துவ ஆணையம் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தது. மூலப்பெயரில்தான் எழுத வேண்டும், மீறினால் நடவடிக்கை என்று 2023 ஆகஸ்ட் 2 அன்று விதி வெளியிட்டது. இந்திய மருத்துவச் சங்கம் கொதித்தது. ஆகஸ்ட் 23 அன்று விதி நிறுத்தி வைக்கப்பட்டது. மூன்றே வாரம்.

தங்க நாணயத்தின் கதை

சீட்டில் பிராண்டு எப்படி ஏறுகிறது என்பதை அறிய உளவு பார்க்க வேண்டியதில்லை. வருமான வரி வழக்குகளைப் படித்தால் போதும். சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் ‘ஜிங்கோவிட்’ என்ற சத்து மாத்திரையைப் பரப்புவதற்காக டாக்டர்களுக்குச் செய்த செலவு ஏறக்குறைய 4.7 கோடி ரூபாய் என்று காட்டி, அதை வணிகச் செலவாக ஏற்று வரிக்கழிவு தரச் சொன்னது. 2010-11 மதிப்பீட்டு ஆண்டின் கணக்கு அது. செலவுப் பட்டியலில் விருந்தோம்பல், மாநாட்டுக் கட்டணம், தங்க நாணயம், எல்சிடி டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப் எல்லாம் இருந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரி 22 அன்று நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட் இருவரும் வரிக்கழிவு கிடையாது என்றார்கள். டாக்டர்கள் இப்படிப் பரிசு வாங்குவதை மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது, வாங்குவது தவறென்றால் கொடுப்பதும் தவறுதான் என்பது அவர்கள் எடுத்த நிலை. இந்த இலவசங்களின் செலவு கடைசியில் மருந்தின் விலையில்தான் ஏறுகிறது என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

எனக்கு இதில் வியப்பாக இருப்பது நிறுவனத்தின் துணிச்சல்தான். டாக்டருக்கு டிவி வாங்கித் தந்ததை மறைக்கவில்லை. பில்லோடு காட்டி, அதற்கு வரிச்சலுகையும் கேட்டார்கள்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவு வந்தது. ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போகும் இத்தகைய அனுகூலங்களுக்குப் பத்து சதவீதம் வரி பிடிக்க வேண்டும், இலவச சாம்பிளும் அதில் சேரும். 2024 மார்ச்சில் மருந்து விற்பனைக்கு ஒரு நடத்தை நெறியும் வெளியானது. பரிசு கூடாது, குடும்பத்தோடு சுற்றுலா கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. மீறினால் சிறை என்று எங்கும் இல்லை.

சிறிய ஊர் டாக்டருக்குத் தங்க நாணயம் அபூர்வம். அவருக்குக் கிடைப்பது காலண்டர், பேனா, சாம்பிள் அட்டை, வாரம் தவறாமல் வந்து சிரித்துவிட்டுப் போகும் மருந்துக் கம்பெனி ரெப். படித்து முடித்து இருபது ஆண்டு ஆன ஒருவருக்குப் புதிய மருந்தைப் பற்றிச் சொல்ல அந்த ரெப்பை விட்டால் வேறு ஆள் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டப்படி பதிவு பெற்ற டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கலாம், கடை மட்டும் திறந்து வைக்கக் கூடாது. மெடிக்கல் ஷாப் எட்டாத இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. கவரில் போட்டுக் கொடுக்கும் வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை, பாதி கேப்சூல். அங்கே சீட்டும் இல்லை, பெயரும் இல்லை. இங்கிலாந்திலும் இந்த ஏற்பாடு உண்டு. மருந்துக் கடையிலிருந்து 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருக்கும் கிராமத்து நோயாளிக்கு டாக்டரே மருந்து தரலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு எழுதியாக வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. மைசூருவுக்கு அடுத்த மண்டியாவில் ‘ஐந்து ரூபாய் டாக்டர்’ என்று பெயர் பெற்ற தோல் மருத்துவர் சங்கரே கவுடா, பல பத்தாண்டுகளாகத் தெருவோரத்தில் உட்கார்ந்து ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்துவருகிறார். அவர் பெயர் வாங்கியது ஐந்து ரூபாயால். ஆனால் ஊர் அவரைத் தேடிப் போவதற்கு இன்னொரு காரணம், அவர் எழுதும் மருந்தும் விலை குறைந்ததாக இருக்கும் என்பது. கட்டணத்தை விட அதுவே பெரிய சேமிப்பு என்பேன். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் 2018 டிசம்பரில் மறைந்த டாக்டர் ஜெயச்சந்திரனுக்கு வடசென்னை திரண்டு வந்து அழுததற்கும் இப்படித்தான் காரணம் இருந்தது. கோபிநத்தத்தின் சொந்த மாவட்டத்திலேயே, பிளிகிரி ரங்கன் மலையில், 1981இல் சோளிகர் பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கினார் டாக்டர் ஹெச். சுதர்சன். அவர் தொடங்கிய கருணா டிரஸ்ட் 1996இல் எளந்தூர் பக்கம் கும்பள்ளி ஆரம்ப சுகாதார நிலையத்தை அரசிடமிருந்து எடுத்து நடத்தத் தொடங்கியது. காவிரிக்கு இந்தப் பக்கம், தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில், டாக்டர்கள் ரெஜியும் லலிதாவும் 1993 முதல் பழங்குடி மக்களிடையே வேலை செய்கிறார்கள். இவர்கள் யாருக்கும் மருந்து விற்பனையில் பங்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் நல்ல மனிதர்களை நம்பி ஒரு நாட்டின் மருந்துச் செலவைக் குறைக்க முடியாது. அவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

பாஸ்புக்

தமிழ்நாடு இதற்கு ஒரு விடை கண்டுபிடித்தது. 1990களின் தொடக்கத்தில் அரசு மருத்துவமனை மருந்துக் கொள்முதலில் ஊழல் நாறியது. அதற்குப் பிறகு 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவானது, 1995 ஜனவரியில் மருந்து விநியோகம் தொடங்கியது. அதை உருவாக்கியதில் முதன்மையானவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். பூர்ணலிங்கம். அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல், எல்லாம் மூலப்பெயரில். மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர். மாவட்டந்தோறும் கிடங்கு. வந்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் மருந்து கிடங்கை விட்டு நகரும்.

இவற்றில் எனக்குப் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று ஒதுக்கி, வங்கிக் கணக்குப் போல ஒரு புத்தகம் கொடுத்தார்கள். கிடங்கில் எடுக்கும் ஒவ்வொரு மருந்தின் விலையும் அதில் கழியும். ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் இந்த ஆண்டு எவ்வளவு ஆன்டிபயாடிக் எடுத்தது, எவ்வளவு இருமல் சிரப் எடுத்தது என்பது முதன்முறையாகக் காகிதத்தில் ஏறியது. கணக்கு இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும். கேரளம் பிறகு இதே வழியில் ஒரு கழகம் அமைத்தது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று எல்லோருக்கும் இலவச மருந்து என்று அறிவித்தபோதும் முன்மாதிரியாக இருந்தது இதுவே. கர்நாடகத்திலும் இதுபோல ஒரு கழகம் இருக்கிறது.

“கவர்மெண்ட் மாத்திரையா, அது கேக்காதுங்க” என்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. அவர்கள் சந்தேகத்தில் நியாயமும் உண்டு. 2024 நவம்பரில் பல்லாரியில் சிசேரியன் செய்துகொண்ட தாய்மார்கள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள், ஐந்து பேர். சந்தேகம் அரசுக் கொள்முதலில் வந்த ரிங்கர் லேக்டேட் டிரிப்ஸ் பாட்டில் மேல் விழுந்தது. ஏற்கெனவே புகாருக்கு ஆளான கம்பெனியின் சரக்கு அது. மலிவு மருந்துக்கு எதிராகப் பேசும் டாக்டர்கள் இதைத்தான் காட்டுவார்கள். அடுத்த ஆண்டே, 2025 அக்டோபரில், மறுபக்கமும் தெரிந்தது. மத்தியப் பிரதேசம் சிந்த்வாடாவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது ‘கோல்ட்ரிஃப்’ என்ற பிராண்டு சிரப். அரசு டெண்டரில் வந்ததல்ல. தனியார் கிளினிக்கில் டாக்டர் எழுதிக் கொடுத்து, கடையில் காசு கொடுத்து வாங்கியது. தயாரித்தது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஆலை. தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்தபோது சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் இருந்தது. எழுதிக் கொடுத்த டாக்டரும் கைதானார். அட்டையில் பிராண்டு இருந்தால் தரம் இருக்கும் என்ற வாதத்தை இதற்குப் பிறகும் சொல்பவர்கள் என்ன துணிவில் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

விலைக் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. 2022இல் புதுப்பித்த தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன, அவற்றுக்கு உச்ச விலை உண்டு. ஆனால் 2013 முதல் அந்த உச்ச விலை தயாரிப்புச் செலவை வைத்து வருவதில்லை. சந்தையில் ஒரு சதவீதத்துக்கு மேல் விற்கும் கம்பெனிகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதன் மேல் 16 சதவீதம் கடைக்காரர் லாபம் சேர்க்கிறார்கள். விலை அதிகமாக வைத்தவரும் அந்தச் சராசரியில் இருக்கிறார். பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கு ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு மூன்று மருந்தைக் கலந்த கூட்டு மாத்திரைகளில் பல அந்தப் பட்டியலில் கிடையாது. கூட்டு மாத்திரை இவ்வளவு பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். தேவையற்ற கூட்டு என்று 2016 மார்ச்சில் 344 வகைகளையும் 2024 ஆகஸ்டில் 156 வகைகளையும் அரசே தடை செய்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் டாக்டர்கள் எழுதினார்கள், நாம் விழுங்கினோம்.

எல்லையில் நிற்கும் மாத்திரை

காய்ச்சல் வரும், போகும். சர்க்கரையும் பிரஷரும் அப்படி இல்லை, சாகும் வரை மாத்திரை. மாதச் செலவில் அரிசி, எண்ணெய்க்கு அடுத்த வரியாக அது குடும்பக் கணக்கில் ஏறிவிடுகிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் சட்டைப்பையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4 என்று இறங்கியதாக அரசுக் கணக்கு சொல்கிறது. இன்னும் நூறு ரூபாயில் நாற்பது ரூபாய். ஆஸ்பத்திரியில் படுக்காமல் வெறுமனே பார்த்துவிட்டு வரும் நோய்களில் அந்த ரூபாயின் பெரும்பகுதி மருந்துக்குத்தான் போகிறது. காப்பீட்டு அட்டைகள் பெரும்பாலும் படுத்தால்தான் பணம் தரும்.

இதற்காகத்தான் தமிழ்நாடு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மாதாந்திர மாத்திரை வீட்டுக்கே வரும். கோபிநத்தத்தின் பாட்டி அதே தமிழ் பேசினாலும், அதே மாரியம்மனைக் கும்பிட்டாலும், அந்த மாத்திரை பாலாறு சோதனைச்சாவடியைத் தாண்டி அவர் வீட்டுக்கு வராது. கர்நாடகம் 2024 அக்டோபரில் கோலாரில் ‘கிருஹ ஆரோக்ய’ என்று தன் பங்குக்கு ஒன்றைத் தொடங்கி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது. காட்டு ஊர்களுக்கு அது எந்த ஒழுங்கில் போய்ச் சேர்கிறது என்பதை அந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு மாதம் மாத்திரை தவறினாலும் சர்க்கரை பழைய இடத்துக்குப் போய்விடும்.

கர்நாடகத்தில் 2025 மே மாதம் நடந்த ஒன்று இந்தச் சீட்டு விவகாரத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அரசு மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கும் மக்கள் மருந்தகங்களை மூட மாநில அரசு உத்தரவிட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஏழைக்கு மலிவு மருந்து தரும் கடையை மூடுவதா என்று எதிர்க்கட்சி கேட்டது. அரசு சொன்ன காரணம்: அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகவே கிடைக்க வேண்டும், டாக்டர் வெளிச்சீட்டு எழுதவே கூடாது, உள்ளேயே ஒரு விற்பனைக் கடை எதற்கு? இதில் அரசியலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அரசின் வாதம் சரிதான் என்று நினைக்கிறேன். ஒரு நிபந்தனை உண்டு: உள்ளே இலவச மருந்து நிஜமாகவே இருக்க வேண்டும். அது இல்லாதபோது மலிவு கடையையும் மூடினால், நோயாளி எதிர்த்தெரு மெடிக்கலுக்குத்தான் போவார்.

இப்போது இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே ஒவ்வொரு ஊரின் குடும்ப டாக்டர் கிளினிக்கும் மாதந்தோறும் எந்த மருந்தை எவ்வளவு எழுதியது, எவ்வளவு செலவு என்ற தகவலை 2011 முதல் அரசு பொதுவில் வெளியிடுகிறது. நோயாளியின் பெயர் இருக்காது, கிளினிக்கின் பெயர் இருக்கும். டாக்டர் பென் கோல்டேகரும் நண்பர்களும் 2012இல் அந்தத் தகவலை அலசி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையில் காப்புரிமை உள்ள பிராண்டுக்குப் பதில் மலிவான ஜெனரிக்கை எழுதியிருந்தால் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி பவுண்டு மிஞ்சியிருக்கும் என்று காட்டினார்கள். ஒரே வியாதி, பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரு கிளினிக் பிராண்டு எழுதுகிறது, இன்னொன்று ஜெனரிக் எழுதுகிறது. வரைபடத்தில் அந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலிருந்து இப்போது இயங்கும் ‘ஓபன் பிரிஸ்கிரைபிங்’ தளத்தில் யார் வேண்டுமானாலும் தன் ஊர் கிளினிக்கைப் பக்கத்து ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தன் எண்ணிக்கை மற்றவர்களைவிடத் தூக்கலாகத் தெரிந்தால், டாக்டருக்கே அடுத்த மாதம் கை கொஞ்சம் தயங்கும்.

நம் ஊரில் அப்படி ஒரு கணக்கே எழுதப்படுவதில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். அதுவும் முழு உண்மையில்லை. 2014 மார்ச் 1 முதல் ஷெட்யூல் ஹெச்1 என்ற விதி நடப்பில் இருக்கிறது. வீரியமுள்ள ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்துகள் என்று தொடக்கத்தில் 46 மருந்துகள் அதன் பட்டியலில் இருந்தன. இவற்றில் எதை விற்றாலும் மெடிக்கல் ஷாப்காரர் தனி நோட்டில் எழுத வேண்டும்: எழுதிய டாக்டரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எவ்வளவு கொடுத்தார். அதாவது எந்த டாக்டர் மாதத்துக்கு எத்தனை பேருக்கு எந்த ஆன்டிபயாடிக் எழுதுகிறார் என்ற கணக்கு, விதிப்படி, கொள்ளேகாலிலும் மேட்டூரிலும் பென்னாகரத்திலும் கடைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் எடுத்து நீட்டுவார்கள். நோட்டு இருக்கிறதா, எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை, அதைக் கூட்டிப் பார்ப்பது யார் வேலையும் இல்லை. மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது விதி.